வராத பதினொரு நாள்

"நான் ஒண்டும் எடுக்கேல்லை அக்கா" என்று கிருசாந்தினி மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, சிவமலர் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்தீர் எண்டு நான் சொல்லேல்லையே. முதலிலை இதைக் குடியும்."

1995, மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி. பலேர்மோ நகரின் ஒரேத்தோ பகுதியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கதவுப் பலகையில் 'சிவமலர், மொழிபெயர்ப்பு' என்று மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வருடம் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் இலிகிதராக வேலை பார்த்தவள். இங்கே தமிழர்களை நீதிமன்றத்துக்கும், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்கும் கூட்டிப்போய் அவர்களுக்காகக் கதைப்பவள். மற்றவர்கள் கதைக்க மறுக்கிற விசயங்களைத் தோண்டி எடுக்கிற வேலையும் அதோடு ஒட்டிக்கொண்டு ஏழு வருடமாகிறது.

ஜன்னலோரம் சாய்ந்து நின்ற ஆந்த்ரே பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது, ஊர் மொரிசியஸ். "என்ரை பாட்டனிட்டைத் தமிழ்ப் பேர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. தமிழ் படிச்சது பலேர்மோவிலை, எட்டு யாழ்ப்பாணத்தாரோடை ஒரு குசினியிலை" என்று எல்லோரிடமும் சொல்லிவைப்பான். மூன்று சக்கர லாப்பா வண்டியில் மரக்கறிப் பெட்டி ஏற்றுவது அவன் தொழில். மீதி நேரம் முழுக்கச் சிவமலரின் உதவியாளன், அவளுடைய கார், அவளுடைய தலைவலி.

"வடிவாச் சொல்லும்" என்றாள் சிவமலர். "ஆர் வீடு? என்ன காணாமற் போனது?"

கிருசாந்தினிக்கு இருபத்தொன்பது வயது. அவளுடைய இரண்டு துணிப் பைகள் காலடியில் கிடந்தன. நான்கு வருடமாக அவள் வேலை பார்த்தது கொராதோ வித்ரானோ என்பவரின் வீட்டில். சிசிலிப் பிராந்தியச் சட்டசபை உறுப்பினர். எல்லோரும் 'ஒனொரேவொலே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஆள். வீட்டில் அவரும், 'சிஞ்ஞோரா' என்று கிருசாந்தினி கூப்பிடுகிற அவருடைய மனைவி நின்ஃபாவும் மட்டும். பிள்ளைகள் இல்லை.

"நேற்றுக் காலமை அவரின்ரை கோப்பித் தட்டிலை ஒரு கடிதம் கிடந்திருக்கு. முத்திரை இல்லாத கடிதம். அதைப் பாத்திட்டுத் தன்ரை அறைக்குள்ளை போனவர், பழைய டயரியள் காணேல்லை எண்டு செயலாளரைக் கூப்பிட்டார். நான்தான் எடுத்து ஆருக்கோ குடுத்திட்டனாம். சிஞ்ஞோரா கண் வைத்தியரிட்டைப் போயிருந்த நேரம் பாத்து என்னை வெளியிலை விட்டிட்டினம்."

"என்ன கேக்கினம்?"

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ளை டயரியள் திரும்பி வரவேணும். இல்லாட்டிக் களவு எண்டு குவெஸ்தூராவிலை முறைப்பாடு. என்ரை பெர்மெசோ வாற மாதம் முடியுது அக்கா. களவு வழக்கு ஒண்டு இருந்தால் அதைப் புதுப்பிக்கமாட்டினம்."

பெர்மெசோ என்ற அந்த வதிவிட அனுமதித் தாள் இல்லாமல் பலேர்மோவில் தமிழருக்கு வேலையுமில்லை, வீடுமில்லை. அதை விளக்கவேண்டிய தேவை அந்த அறையில் யாருக்கும் இருக்கவில்லை.

"கடிதத்தைப் பாத்தனீரோ?"

கிருசாந்தினி பையைத் திறந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்தாள். "இது பிரதி. செயலாளர் தந்தவர். உன்ரை ஆக்களிட்டைப் போய்க் காட்டு எண்டு."

சிவமலர் தாளை விரித்தாள். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்நேரான எழுத்துகள். மங்கிய நீலம். பதினொரு தேதிகள், வருடத்தோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக. பெயரில்லை, மிரட்டல் இல்லை. கடைசியில் இத்தாலியனில் ஒரே ஒரு வரி.

'புதன்கிழமையும் வராமல் இருப்பீர்களா?'

அவள் பெருவிரலால் ஒரு தேதியை மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஆந்த்ரே தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பதினொரு தேதி. வராமல் இருப்பீர்களா எண்டு கேள்வி. அக்கா, இது காதலி. ஏமாத்தின நாளெல்லாம் எழுதி வைச்சிருக்கிறாள்."

"முதல் தேதி எழுபத்து நாலு. கடைசி தொண்ணூற்று நாலு. இருபது வருசத்திலை பதினொரு நாள்."

"அப்ப காதலி இல்லை. காதலி எண்டால் ஒரு மாதத்திலையே பதினொண்டு வந்திடும்."

"ஆவணி மாதத்திலை, அதுதான் ஓகஸ்டிலை, ஒரு தேதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை." சிவமலர் பழைய கலண்டர்க் கட்டை எடுத்து, அதில் இல்லாத வருடங்களை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தாள். "82 மாசி 3, புதன். 84 கார்த்திகை 22, வியாழன். 89 சித்திரை 18, செவ்வாய். முதலாவதை விட்டால் மற்றதெல்லாம் இப்பிடித்தான். ஆந்த்ரே, செவ்வாய் புதன் வியாழனிலை மட்டும் கூடுறதும், ஆவணி முழுக்க லீவு எடுக்கிறதும் என்ன?"

"இத்தாலியிலை எல்லாக் கந்தோரும் அப்பிடித்தான் அக்கா."

"சட்டசபை" என்றாள் சிவமலர். "எழும்பும், போவம். கிருசாந்தினி, நீர் இஞ்சையே இரும். கதவைத் தட்டினால் திறக்கவேண்டாம்."

*

லாப்பா வண்டி நகரத்துக்குள் புகுந்து, ஒரு மீன்கடைக்கும் ஒரு மாதா சிலைக்கும் நடுவில் இரண்டு தடவை மயிரிழையில் தப்பி, பிராந்திய நூலகத்தின் வாசலில் நின்றது. சட்டசபை நடவடிக்கைகளை அச்சிட்டுக் கட்டிய தொகுதிகள் அங்கே இருந்தன. யாரும் கேட்டு வாசிக்கலாம். கேட்பவர்கள்தான் இல்லை.

நூலகர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி இருவரையும் பார்த்தார். "வேலைக்கு ஆள் எடுப்பது மேல் மாடியில்."

"வாசிக்க வந்தோம்" என்றாள் சிவமலர் தெளிந்த இத்தாலியனில், தேதிகள் எழுதிய துண்டை நீட்டியபடி.

அரை மணி நேரத்தில் மேசை நிறையப் புத்தகங்கள். ஆந்த்ரே ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். "ஒரு பெட்டி தோடம்பழப் பாரம். இதையெல்லாம் ஆர் வாசிக்கிறது?"

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்ட நம்பிக்கையிலைதான் அச்சடிக்கிறவை. பக்கத்தைப் பிரட்டும்."

முதலில் 82 மாசி 3. பிறகு 84. பிறகு 86. நான்காவது தேதிக்கு வந்தபோது சிவமலரின் விரல் தானாகவே சரியான பக்கத்துக்குப் போனது. எல்லா நாளும் ஒரே விசயம்தான் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது.

கருக்கலைப்பை இத்தாலியில் அனுமதித்த சட்டம் 78ஆம் ஆண்டு வந்தது. முதல் தொண்ணூறு நாளுக்குள் ஒரு பெண் அரசாங்க ஆசுபத்திரியில் அதைச் செய்துகொள்ளலாம். மனச்சாட்சி இடம்கொடாத வைத்தியர் விலகி நிற்கலாம் என்பதையும் அதே சட்டம் சொன்னது. சிசிலியில் விலகிநின்ற வைத்தியர்களே அதிகம். சில ஆசுபத்திரிகளில் எல்லோருமே விலகியிருந்தார்கள். ஒவ்வோர் ஆசுபத்திரியிலும் விலகாத வைத்தியர் ஒருவராவது இருக்கவேண்டும் என்ற பிரேரணை ஏதோ ஒரு வடிவத்தில் திரும்பத் திரும்பச் சட்டசபைக்கு வந்து, திரும்பத் திரும்பத் தோற்றிருந்தது. பெயர் கூப்பிட்டு எடுத்த வாக்கெடுப்பு. யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யார் வரவில்லை என்று பெயர் பெயராக அச்சாகியிருந்தது.

"வித்ரானோ, வித்ரானோ" என்று ஆந்த்ரே தேடினான். "ஆதரவிலை இல்லை. எதிர்ப்பிலையும் இல்லை. இஞ்சை. சமூகமளிக்கவில்லை."

"அடுத்ததைப் பாரும்."

"சமூகமளிக்கவில்லை. அடுத்ததும் அப்பிடித்தான். அக்கா, இந்தாள் பள்ளிக்கூடப் பிள்ளையெண்டால் பேர் வெட்டியிருப்பினம்."

சிவமலர் வேறு பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாக்கெடுப்புக்கு முந்தின நாட்களின் பேச்சுகள். அங்கெல்லாம் வித்ரானோ இருந்தார். பிறக்காத உயிரைப்பற்றி அவர் பேசிய பேச்சுகள் பக்கம் பக்கமாக இருந்தன. சுவரொட்டிகளிலும் தேவாலய வாசல்களிலும் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவை.

"பேசுற நாளெல்லாம் இருக்கிறார். பேர் கூப்பிடுற நாள்தான் இல்லை. பத்துத் தரமும் இல்லை." அவள் எண்களின்மேல் விரலை வைத்தாள். "இதைப் பாரும். 36க்கு 36. சமமா வந்தால் தோல்வி எண்டு சபையின்ரை விதி. நாலு தரம் சமமா வந்து தோத்திருக்கு. இந்த மனுசன் நினைச்சிருந்தால் நாலு தரம் முடிவை மாத்தியிருக்கலாம்."

ஆந்த்ரே முதல்முறையாகப் பகிடி விடவில்லை. "நாளைக்குப் புதன்" என்றான்.

நூலகரின் மேசையில் கிடந்த அன்றைய பத்திரிகையில் அது இருந்தது. அதே பிரேரணை, நாளை மாலை ஐந்து மணி, மறுபடி வாக்கெடுப்பு. இரு பக்கமும் ஏறக்குறைய சமபலம்.

"அப்ப விசயம் முடிஞ்சுது" என்றான் ஆந்த்ரே. "எதிர்க்கட்சிக்காரர் ஆரோ டயரியைக் களவெடுத்து வெருட்டினம்."

"முடியேல்லை. இந்தத் தேதியளை எடுக்க ஒருத்தருக்கும் டயரி தேவையில்லை, நாங்கள் ஒரு காலமையிலை எடுத்திட்டம். டயரி ஏன் போனது? அது ஒண்டு. பத்துத் தேதிதான் வாக்கெடுப்பு. பதினோராவது எங்கை? அது ரெண்டு."

பட்டியலின் தலையில் இருந்த தேதி. 1974 பங்குனி 9.

"அப்ப அவர் உறுப்பினரே இல்லை. சட்டமும் வரேல்லை. அது ஒரு சனிக்கிழமை."

"சனிக்கிழமையிலை சட்டசபைக்கு வாறது கூட்டித் துடைக்கிறவை மட்டும்தான்" என்றான் ஆந்த்ரே. "எங்கடை ஆக்கள்கூட அப்ப இஞ்சை வரேல்லை."

"அப்ப அவர் வராமல் விட்ட இடம் வேறை."

அவள் 74ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கட்டைக் கேட்டாள். நூலகர் இந்தத் தடவை கண்ணாடியைத் தூக்கவில்லை, எழுந்துபோய் அவரே எடுத்துவந்தார். பங்குனி 10ஆம் தேதிப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மரண அறிவித்தல்கள். கறுப்புக் கட்டத்துக்குள் ஒன்று.

'ஆகத்தா வித்ரானோ, வயது 22. திடீர் சுகவீனத்தால் நேற்றுக் காலமானார். தந்தை, தாய், சகோதரன் கொராதோ.'

அதற்குக் கீழே, வேறொருவர் தனியாகக் கொடுத்த இரண்டு வரி.

'ஆகத்தாவுக்கு. கடைசிவரை கையைப் பிடித்திருந்த தோழி நின்ஃபா.'

ஆந்த்ரே அதை இரண்டு தடவை வாசித்தான். "நின்ஃபா எண்டால், கிருசாந்தினியின்ரை சிஞ்ஞோரா."

"ஓம்" என்றாள் சிவமலர். "இனி கிருசாந்தினியோடை கதைக்கவேணும். அவ எனக்கு ஒரு பொய் சொன்னவ."

*

கிருசாந்தினி அறையைக் கூட்டி, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். சிவமலர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நான்காக மடித்த தாளை மேசையில் வைத்தாள்.

"நான் இலிகிதரா இருந்த காலத்திலை ஒரு நாளைக்கு நாப்பது தாள் காபன் வைச்சு எழுதினனான். செயலாளர் பிரதி எடுத்துத் தந்திருந்தால் அது போட்டோக் கொப்பி, கறுப்பு எழுத்து, தடவினால் ஒட்டாது. இது நீலம், விரலிலை ஒட்டுது. காபன் பிரதி. கடிதம் வாங்கினவரிட்டைக் காபன் பிரதி இருக்காது. எழுதின ஆளிட்டைத்தான் இருக்கும்."

கிருசாந்தினி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோப்பித் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறது நீர். அதிலை கடிதம் கிடந்தால் உமக்குத் தெரியாமல் கிடந்திராது."

"டயரியளை நான் எடுக்கேல்லை அக்கா. அது சத்தியம்."

"அதை நம்புறன். கடிதத்தை?"

அவள் தாளை மறுபடி நான்காக மடித்து மேசையில் வைத்தாள்.

"நான்தான் வைச்சன்" என்றாள் கிருசாந்தினி. "சிஞ்ஞோரா தந்தவ. ஏதும் நடந்தால் கையிலை இருக்கட்டும் எண்டு இந்தத் தாளையும் தந்தவ. ஆரெண்டு சொல்லாதை எண்டும் சொன்னவ. புதன்கிழமை முடியட்டும், நானே சொல்லுறன் எண்டவ. என்னை வெளியிலை விட்டது அவவுக்குத் தெரியாது. நானாப் போயிட்டன் எண்டு சொல்லியிருப்பினம்."

"உம்முடைய பெர்மெசோ போனாலும் சொல்லமாட்டீரோ?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தை மாதம். மூன்று ஆசுபத்திரி ஏறி இறங்கியிருந்தாள். ஓரிடத்தில் வைத்தியர் விலகியவர் என்றார்கள். இன்னோரிடத்தில் அடுத்த கிழமை வா என்றார்கள். போனபோது அதற்கடுத்த கிழமை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு தாதி எல்லோருக்கும் கேட்கும்படி அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தொண்ணூறு நாளில் எழுபத்தாறு நாள் போய்விட்டது. எழுபத்தேழாம் நாள் காலை அவள் சாமான்கழுவும் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றதைச் சிஞ்ஞோரா கண்டாள்.

"ஒண்டும் கேக்கேல்லை அக்கா. துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நாப்போலிக் கப்பலிலை ரெண்டு ரிக்கற் எடுத்தா. அங்கை ஆசுபத்திரியிலை மூண்டு நாள் என்னோடையே இருந்தா. என்ரை கையை விடேல்லை. திரும்பி வரேக்கைதான் ஆகத்தாவைப் பற்றிச் சொன்னவ." அவள் சிவமலரைப் பார்த்தாள். "ஏன் அப்பிடிச் செய்தனீர் எண்டு நீங்களும் கேக்காதேங்கோ."

"கேக்கேல்லை" என்றாள் சிவமலர்.

*

மறுநாள் பதினொரு மணிக்கு மூன்று பேரும் வித்ரானோ வீட்டு மாடிப்படி ஏறினார்கள். செயலாளர் கதவைத் திறந்தார். முறைப்பாட்டை ஏற்கெனவே தட்டச்சுச் செய்து கையில் வைத்திருந்தார். நாளும் கையெழுத்தும்தான் பாக்கி.

ஒனொரேவொலே வித்ரானோ மெலிந்த, நரைத்த மனிதர். எழுந்து நின்று கிருசாந்தினி உட்படப் பெண்களுக்கு நாற்காலி காட்டினார். ஆந்த்ரே நின்றபடியே இருந்தான்.

"டயரிகள்?" என்று கேட்டார்.

"இந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை" என்றாள் சிவமலர் இத்தாலியனில். "அது உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டியலின் முதல் தேதி. பத்துத் தேதிகளை நூலகத்தில் யாரும் எடுக்கலாம். நான் எடுத்தேன். முதல் தேதியன்று நீங்கள் வராமல் விட்டது உங்களோடு சேர்த்து இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னர் வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று நீங்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பீர்கள். யோசித்தும் இவளை வெளியே அனுப்பினீர்கள்."

செயலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வித்ரானோ கையைக் காட்டி நிறுத்தினார்.

உள்ளறைக் கதவில் சிஞ்ஞோரா நின்ஃபா நின்றிருந்தாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண். அவள் முதலில் பார்த்தது கிருசாந்தினியைத்தான்.

"ஜெனோவாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாய் என்றார் இவர்."

"இல்லை சிஞ்ஞோரா."

நின்ஃபா திரும்பி உள்ளே போனாள். வரும்போது கையில் ஆறு சிறிய டயரிகள். அவற்றைக் கணவனின் முன்னால் வைத்தாள். "தேதிகளுக்காக எடுக்கவில்லை. அந்த நாட்களில் எங்கே போனீர்கள் என்று பார்க்க எடுத்தேன். ஏதாவது ஒரு நாளாவது அவளுடைய கல்லறைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள். சினிமாவுக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு தடவை தலைமயிர் வெட்டப் போயிருக்கிறீர்கள்."

"நின்ஃபா."

"பிரான்காச்சோப் பகுதியில், ஒரு அந்நியப் பெண்ணின் சமையல் மேசையில், ஆகத்தாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. கருவைக் கலைப்பது அப்போது குற்றம், அம்புலன்சைக் கூப்பிட எங்களுக்குப் பயம். கீழே கடைக்கு ஓடி உங்களுக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். காரைக் கொண்டுவாருங்கள் என்றேன். வருகிறேன் என்றீர்கள். மூன்று தடவையும் வருகிறேன் என்றீர்கள்."

வித்ரானோ நாற்காலியில் உட்கார்ந்தார். "வழக்கறிஞனாகப் பதிவாகி ஒரு மாதம். அங்கே பொலிஸ் வந்தால் என் பெயரும் சேரும் என்று நினைத்தேன். காரை இயக்கினேன். பாதி வழியில் நிறுத்தினேன்." அவர் டயரிகளைத் தொடவில்லை. "கடிதத்தைப் பார்த்ததுமே நீதான் என்று தெரியும். உன்னைக் கேட்பதைவிட இந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது."

"தெரியுமே" என்றாள் நின்ஃபா. "பாதி வழியில் நிறுத்துவது."

சிவமலர் குறுக்கே பேசினாள். "மன்னிக்கவேண்டும், சிஞ்ஞோரா. இவள் களவெடுக்கவில்லை என்று ஒரு தாள் எனக்கு வேண்டும்."

வித்ரானோ செயலாளரிடமிருந்து முறைப்பாட்டை வாங்கிக் கிழித்தார். வேறொரு தாளை எடுத்து, தம் வீட்டில் எதுவும் களவு போகவில்லை, இந்தப் பெண் நான்கு வருடம் நேர்மையாக வேலை செய்தாள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கிருசாந்தினியிடமே நீட்டினார். அவள் வாங்கிச் சிவமலரிடம் கொடுத்தாள். சிவமலர் ஒவ்வொரு வரியையும் வாசித்தபிறகுதான் பைக்குள் வைத்தாள்.

"இன்று மாலை போவீர்களா?" என்று நின்ஃபா கேட்டாள்.

"போவேன்" என்றார் அவர்.

கீழே லாப்பா நின்ற இடத்துக்கு வந்தபோது ஆந்த்ரேக்கு மறுபடி வாய் திறந்தது. "இருபத்தொரு வருசக் கடன்காரன் மாதிரி இருந்தார் அக்கா, பாவம். இண்டைக்கு ஆதரவாப் போட்டிடுவார். நான் பந்தயம் கட்டுறன்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றாள் சிவமலர்.

*

சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் நால்வருக்கும் ஒரே வாங்கில் இடம் கிடைத்தது. நின்ஃபா நடுவில் இருந்தாள். ஐந்தேகாலுக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். அகரவரிசை. கீழே ஒவ்வொருவராக எழுந்து, ஆம், இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்கள். ஆந்த்ரே இரண்டு கை விரல்களிலும் எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் பத்திரிகை ஓரத்தில் கோடு போட்டான்.

வித்ரானோ வந்திருந்தார். வலது பக்கத்தில், மூன்றாம் வரிசையில். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்துத் தோளில் தட்டினார். அவர் நிமிர்ந்து மாடத்தைப் பார்க்கவில்லை.

வரிசையில் கடைசிப் பெயர் அவருடையதுதான். அதற்கு முன்னைய பெயர் முடிந்தபோது ஆந்த்ரே பத்திரிகையைச் சிவமலரிடம் காட்டினான். 38 கோடு, 38 கோடு.

"வித்ரானோ."

அவர் எழுந்தார். கிருசாந்தினி நின்ஃபாவின் கையைப் பிடித்தாள்.

"எதிர்க்கிறேன்" என்றார் அவர். குரல் தெளிவாக இருந்தது.

வலது பக்கத்தில் கைதட்டினார்கள். 38க்கு 39. அவர் வராமல் இருந்திருந்தாலும் சமமாக வந்து அது தோற்றுத்தான் இருக்கும். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆந்த்ரே பத்திரிகையை மடித்துத் தொடைக்கடியில் வைத்தான். சிவமலர் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்ற உணர்ச்சி ஒரு மனிதனை எந்தப் பக்கம் தள்ளும் என்று தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். முழு வழக்கிலும் அவள் பிழைவிட்ட இடம் அது ஒன்றுதான்.

வெளியே படிக்கட்டில் வித்ரானோ அவர்களுக்கு முன்னே வந்து நின்றிருந்தார். அவருடைய கார் தயாராக நின்றது.

"நான் பேசியதெல்லாம் நான் நம்புவதுதான்" என்றார் மனைவியிடம். "எப்போதும் நம்பினேன். அங்கே அவர்கள் கொராதோ என்று கூப்பிடுவதில்லை, வித்ரானோ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஆகத்தாவின் பெயரும்தான். அந்தப் பெயருக்கு எழுந்து நின்று இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் வராமல் இருந்தேன். இன்று நீ வரச்சொன்னாய்."

நின்ஃபா அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அவள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தொலைவிலுள்ள தெருப் பெயர்ப் பலகையை வாசிக்க முயல்பவள்போல் இருந்தாள்.

"வரச்சொன்னேன்" என்றாள். "வந்தீர்கள். இத்தனை வருடம் நான் யாரோடு இருந்தேன் என்று இப்போது எனக்குத் தெரியும். அது போதும்."

அவர் காரின் கதவைத் திறந்துபிடித்தார். அவள் ஏறவில்லை. படிகளில் இறங்கி, கிருசாந்தினியோடு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். சிவமலரும் ஆந்த்ரேயும் சில அடி பின்னால் நடந்தார்கள். லாப்பாவில் இரண்டு பேருக்கு மேல் ஏற்ற முடியாது, ஆனாலும் அதை எடுக்கப் போக ஆந்த்ரேக்கு மனம் வரவில்லை.

ஒரேத்தோ பஸ்ஸில் வேலை முடிந்த சனம் நெருக்கியடித்து நின்றது. கிருசாந்தினிக்கு ஒரு இருக்கை கிடைத்தது. அவள் நகர்ந்து, பாதியில் சிஞ்ஞோராவை இருத்தினாள்.

"நான் அந்தக் கடிதத்தைத் தட்டில் வைக்காமல் விட்டிருக்கலாம்" என்றாள் தன் உடைந்த இத்தாலியனில்.

"விட்டிருந்தால் நாளைக் காலையும் அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருப்பேன்." நின்ஃபா கைப்பையைத் திறந்து பார்த்தாள். அதில் கண் வைத்தியரின் சீட்டும் ஒரு சீப்பும் மட்டும் இருந்தன. அவள் அதை மூடினாள். "உன் வீட்டில் எத்தனை பேர்?"

"ஆறு பேர், சிஞ்ஞோரா. இரண்டு அறை."

"கொஞ்ச நாளைக்கு ஏழு பேராக இருக்கலாமா?"

கிருசாந்தினி திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவமலரைப் பார்த்தாள், ஏதோ அனுமதி கேட்பதுபோல. சிவமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவள் சொல்லவேண்டிய பதில் அல்ல.

"இருக்கலாம்" என்றாள் கிருசாந்தினி. "ஆனால் நிலத்திலைதான் படுக்கவேணும்."

கடைசி வசனத்தை அவள் தமிழில் சொல்லிவிட்டாள். சிஞ்ஞோராவுக்கு எப்படியோ விளங்கியது. தலையசைத்துவிட்டு, இருக்கையில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.